ஞானஸ்நானச் சான்றிதழும் என் வாயும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில் திண்டுக்கல்லில் நடந்தது இது. அப்போது நாங்கள் அந்த ஊருக்குக் குடிவந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அதுவரை தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருந்தோம். அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் கணவருக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததால், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தோம். நாங்கள் இருவர், ஒன்பது வயது மகள், நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிகள்.

புது ஊர் என்றால் என்னவென்று அந்த ஐந்து மாதத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று தண்ணீருக்கே தெரியாது. கேஸ் இணைப்பு மாற்ற ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆதாரில் விலாசம் மாற்றப் போனால் கேஸ் ரசீது கொண்டுவா என்றார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டால் வீட்டுக்காரர், "வாரேம்மா, செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டு நான்கு நாள் கழித்து வருவார். பள்ளியில் மகளைச் சேர்க்க ஒரு கத்தைக் காகிதம். இதற்கு நடுவே, வந்த இரண்டாம் வாரமே அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் என்று சொல்லிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதுதான் அன்பியம். நல்ல விஷயம்தான். ஆனால் இருபது பேர் என் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடியபோது, எந்தப் பெட்டியில் தட்டு டம்ளர் இருக்கிறது, யார் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதிலேயே என் ஜெபம் முழுக்கப் போய்விட்டது.

என் கணவர் எதற்கும் பதறாதவர். மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, நான் புலம்புவதை எல்லாம் கேட்டுவிட்டு, "பாத்துக்கலாம்" என்பார். யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லமாட்டார். வீட்டில் காகிதம் என்றால் அது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு உறை, ஒவ்வொரு உறைக்கும் ஒரு பெயர் என்று வைத்திருப்பவள் நான்.

அந்த வருடம் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். மே கடைசி ஞாயிறு என்று கோயிலில் அறிவித்திருந்தார்கள். லீவு நாட்களில் தினமும் காலையில் அதற்கான மறைக்கல்வி வகுப்பு, அதாவது வேத பாடம். அதை நடத்தியவர் எங்கள் பங்கின், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தின், உபதேசியார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். கோயில் மணி அடிப்பதிலிருந்து, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது, பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது வரை எல்லாம் அவர்தான். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் மனைவியோடு இருந்தார்.

வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே அவர் என்னிடம், "டீச்சரம்மா, பிள்ளையோட ஞானஸ்நான சர்டிபிகேட் வேணுமே" என்றார்.

ஜனவரியில் பழைய ஊர்க் கோயிலிலிருந்து வாங்கி வந்த பங்கு மாற்றுக் கடிதத்தைக் கொடுத்தபோதே அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேனே என்றேன். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, கடிதம் வந்திருக்கிறது, சர்டிபிகேட் வந்ததாகக் குறிப்பு இல்லை என்றார். தேடிப் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். அதற்கடுத்த புதன்கிழமை மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே சாந்தமான குரல். அந்தச் சாந்தம்தான் எனக்கு எரிச்சலைக் கூட்டியது. ஐந்து மாதமாக ஒவ்வொரு அலுவலகத்திலும், ஒவ்வொரு கவுண்டரிலும், "அந்தக் காகிதம் இல்லையே" என்று கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது. கோயிலிலுமா என்று தோன்றியது.

எனக்கு அந்தக் காட்சி கண்முன் நிற்கிறது. ஜனவரி மாதம், கோயில் அலுவலகம், பழுப்பு உறை, அவர் கை நீட்டி வாங்குகிறார். உறைக்குள் இரண்டு காகிதம். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, பிள்ளைகளின் பெற்றோர் எல்லாம் அலுவலக வாசலில் நின்றிருந்தோம். அவர் வந்து, நான்கு நாளாக அலமாரி முழுக்க இறக்கிப் பார்த்துவிட்டதாகவும், இல்லை என்றும் சொன்னார். எங்கள் பழைய ஊர்க் கோயிலில் இன்னொரு பிரதி வாங்கி வந்துவிட்டால் நல்லது என்றார்.

அவ்வளவுதான். ஐந்து மாதமாகக் கேஸ்காரனிடமும் வீட்டுக்காரரிடமும் காட்ட முடியாத கோபம் எல்லாம் அந்த மனிதர் மேல் போய் விழுந்தது.

"உங்க கையிலதான தந்தேன். நூறு சதவீதம் நிச்சயமாச் சொல்லுதேன். தொலைச்சது நீங்க, அலையறது நானா? தொலைச்சவங்கதான் போய் வாங்கித் தரணும்."

சத்தமாகவே சொன்னேன். இருபது வருடமாக அந்தக் கோயிலில் இருப்பவர் அவர், நேற்று வந்தவள் நான். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பங்குத்தந்தை சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் உபதேசியாரிடம், "ஆவணத்துல இம்புட்டு அசட்டையா இருக்கலாமா?" என்றார். உபதேசியார் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அப்போது நியாயம் கிடைத்த திருப்தி. டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணவரிடம் அதையே பேசிக்கொண்டு போனேன். அவர், "பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. மறைக்கல்வி வகுப்புக்கு விடுமுறை. மகளின் பள்ளியில் அடுத்த வகுப்புக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். தடுப்பூசி போட்ட விவரம் எழுத வேண்டும். காலையில் எழுந்ததுமே தடுப்பூசி அட்டை வைத்திருந்த உறையை எடுத்து மேஜையில் கவிழ்த்தேன். அட்டை விழுந்தது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு, நான்காக மடித்த ஒரு காகிதமும் விழுந்தது.

மகள்தான் அதைப் பிரித்தாள். "அம்மா, இதுதான அது?"

கோயில் முத்திரை, அவள் பெயர், எங்கள் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், எல்லாம் இருந்தது. ஜனவரியில் பள்ளிக்குப் போன அன்று இரண்டையும் ஒன்றாக எடுத்துப்போய், ஒன்றாகவே வைத்திருக்கிறேன். அப்படியென்றால் அந்தப் பழுப்பு உறை, அந்த இரண்டு காகிதம்? இரண்டாவது காகிதம் எங்கள் கல்யாணச் சான்றிதழின் நகலாக இருக்க வேண்டும். கண்முன் அவ்வளவு தெளிவாக நின்ற காட்சியில் பாதி நானாகவே சேர்த்துக்கொண்டது.

சரி, இப்போதே போய்ச் சொல்லிவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். இது உண்மை. சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அலுவலகம் பூட்டியிருந்தது. பின்பக்கம் போனேன். உபதேசியாரின் மனைவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொன்னார். நேற்று நடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவுக இல்லையே டீச்சரம்மா. உங்க ஊருக்குத்தான் போயிருக்காக. விடியக்காலம் முத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாக. நான் தொலைச்சதுக்கு அந்தம்மா எதுக்கு அலையணும், நானே வாங்கிட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாக."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்பத்தான் மதுரையில எறங்குனேன்னு போன் பண்ணாக. தூத்துக்குடி பஸ்ஸு இன்னும் ஏறல. ஏதும் சொல்லணுமா? போன் போட்டுத் தரவா?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மதுரையிலிருந்தே திரும்பியிருப்பார். கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் சான்றிதழ் இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அத்தனை பேர் முன்னால் கத்தியது, பங்குத்தந்தை அவரைக் கண்டித்தது, நூறு சதவீதம் என்று நான் சொன்னது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"இல்ல, ஒண்ணுமில்ல. பெறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நானும் அவளைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் தன் பழைய மொபெட்டை நிறுத்தினார். மகளும் என் பக்கத்தில் வந்து நின்றாள். சட்டை வேர்வையில் நனைந்து காய்ந்து, முதுகில் உப்புப் பூத்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் புதுச் சான்றிதழ். அங்கே பங்குத்தந்தை வெளியே போயிருந்ததால் இரண்டு மணி நேரம் காத்திருந்து கையெழுத்து வாங்கினாராம். வருகிற வழியில் மதுரை வரை நின்றுகொண்டே வந்தாராம். காபி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்.

"என் தப்புதாம்மா. எங்க வச்சேன்னே நெனப்பு வரல. மனசுல வச்சுக்கிராதீங்க" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது இதுதான்.

"பரவாயில்ல உபதேசியார். யாருக்கும் வரதுதான்."

நான் அவரை மன்னித்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். அவர், "கெடைச்சிருச்சில்ல, விடு. இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பேருக்கும் சங்கடம்" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு நான் சண்டை போட்டிருப்பேன். அன்று அது எனக்கு வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். தாங்கள் செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் நாள். மறந்துவிடாமல் இருக்க ஒரு தாளில் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் உபதேசியார். வெள்ளிக்கிழமை மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரப்பரைத் திருப்பித் தரவில்லை. ஜெபமாலையில் தூங்கிவிட்டேன். இப்படி நான்கைந்து. பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு உபதேசியார்கிட்ட நீ பரவாயில்லன்னு சொன்னப்ப, நானும் சும்மாத்தான நின்னேன். அது என் பாவத்துல வருமா, உன் பாவத்துல வருமா?"

குறும்பாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தாளில் எழுதலாமா வேண்டாமா என்பதற்காகக் கேட்டாள். அந்த நான்கு நாளும் அவள் அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் அவர் முன்னால் போய் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் இருந்த கத்தரிக்காய் வெஞ்சனம் அடிப்பிடித்து வாடை வந்தது. அணைத்துவிட்டு, "அது என்னோடது. நீ எழுதாத" என்றேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் அமைதியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். உபதேசியார் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார். பழைய சான்றிதழை மேஜை மேல் வைத்தேன். எங்கே இருந்தது, எப்போது கிடைத்தது, அவர் மனைவி போன் போடவா என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே, "இதுல என்னம்மா இருக்கு" என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. கோயில் மனிதர், அப்படித்தானே சொல்வார். அவர் அப்படிச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். சான்றிதழை எடுத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார்.

"ஒரு வாரமாத் தூக்கமில்லம்மா எனக்கு. எங்கப்பாவுக்குக் கடைசிக் காலத்துல மறதி நோவு வந்துச்சு. பெத்த பிள்ளைகளத் தெரியாம இருந்தாரு. எனக்கும் அது வந்துருச்சோன்னு என் வீட்டுக்காரிகிட்டக் கேட்டுக் கேட்டு, அவ அழுதா."

மேஜை மேலிருந்த சான்றிதழை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

"திங்கக்கிழம நீங்க கூப்பிட்டிருந்தா அன்னைக்கே அது தீந்திருக்கும். பஸ்ஸுல போனது எனக்குப் பெருசில்ல." குரல் உயரவில்லை. ஆனால் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. "போயிட்டு வாங்க. சாயங்காலத்துக்கு நெறைய வேல கெடக்கு."

அங்கிருந்து நேராகப் பங்குத்தந்தையிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கும் அதில் பங்கு இருந்ததே. பிறகு, "நானும் அவர்கிட்டப் பேசணும்" என்று மட்டும் சொன்னார். நாளைக்குப் பெற்றோர் கூட்டத்தில் நானே சொல்கிறேன் என்றேன். சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே அலுவலக வாசலில், அதே பெற்றோர் முன்னால் எழுந்து நின்றேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்கு நான்கு வாக்கியம் பேசுவதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. சான்றிதழ் என் வீட்டில்தான் இருந்தது, உபதேசியார் எதையும் தொலைக்கவில்லை, கிடைத்த பிறகும் நான் அவரிடம் பொய் சொன்னேன் என்றேன். ஒரு அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். இன்னொருவர், "நம்ம வீட்டுலயும் இப்படித்தான்" என்று தேற்றப் பார்த்தார். என் கணவர் எனக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார். நான் பேசி முடிக்கும் வரை உட்காரவில்லை. அதற்காக அவருடைய நூறு 'பாத்துக்கலாம்'களை நான் மன்னித்துவிட்டேன்.

பங்குத்தந்தை உபதேசியாரின் தோளில் கை வைத்து, "போன வாரம் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்றார். உபதேசியார் எதற்கும் நிமிரவில்லை. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து வரிசைப்படி வாசித்தார். என் மகள் பெயர் வந்தபோது ஒரு நொடி நிறுத்தி, "முத வரிசை, வலது பக்கம்" என்றார். மற்ற பெயர்களுக்கும் அப்படித்தான் நிறுத்தினாரா என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதுநன்மை நல்லபடியாக நடந்தது. வெள்ளைக் கவுனில் மகள் கையைக் குவித்துக்கொண்டு நடந்து போனாள். அவர் அவளிடம் எப்போதும்போல அன்பாகத்தான் இருந்தார். என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மாதம், இரண்டு மாதம், மழை வந்து போனது, அப்படியே இருந்தது. சில ஞாயிறுகளில் எனக்கே எரிச்சல் வந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன என்று தோன்றும். மன்னிப்புக் கேட்டவுடன் கிடைத்துவிட வேண்டும் என்று நினைப்பதும் ஒரு அவசரம்தான் என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அவருக்கு வலித்த அளவுக்கு அவருக்கு நேரம் தேவைப்பட்டது.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம், பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, மறைக்கல்விக்கு ஆறாம் வகுப்பு எடுக்க ஆளில்ல. நீங்க வாரீங்களா?" முகம் விறைப்பாகத்தான் இருந்தது. "எட்டு மணின்னா எட்டு மணிக்கு வரணும். வருகைப் பதிவ அன்னன்னைக்கே எழுதி என் கையிலயே தரணும்" என்றார். 'என் கையிலயே' என்று சொல்லும்போது மட்டும் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்த வகுப்பு என்னுடையது. தண்ணீர் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை, கவுண்டர்களில் இன்னும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது, எனக்குக் கோபமும் குறையவில்லை. ஆனால் 'எனக்கு நிச்சயமாகத் தெரியும்' என்று வாயில் வரும்போதெல்லாம், நினைவு தப்பிவிட்டதோ என்று பயந்துபோய் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார், நான் வாயை மூடிக்கொண்டு என் வீட்டில் இன்னொரு தடவை தேடுகிறேன்.